ஓகஸ்ட் வேண்டாம்

“ஓகஸ்ட் வேணாம். ஒக்டோபர் போவம்,” என்றாள் றோசமேரி.

மர்ளியாவின் கணவர் ரஸாக் கையிலிருந்த பயண அட்டவணையைக் கதிரையில் வைத்தார். இதே பதிலை அவர் மூன்றாவது தடவையாகக் கேட்கிறார்.

“டீச்சர், காட்டுமாடு கூட்டமா ஆத்தக் கடக்கிறதப் படம் எடுக்கத்தானே கென்யாவுக்குப் போறம். அதுக்கு ஓகஸ்ட்தான் நல்ல மாசம். ஒக்டோபர்ல அதெல்லாம் திரும்பிப் போயிருக்கும்.”

“போனாப் போகட்டும். சிங்கம் அங்கதானே இருக்கும்.”

“மழையும் தொடங்குமாம்.”

“குடை கொண்டு போவம்.”

மர்ளியா பொறுமையாகத்தான் கேட்டாள். “ஓகஸ்ட்ல உனக்கு என்ன கஷ்டம்? அதச் சொல்லன்.”

“தலவில சேர்ச்சுத் திருவிழா வருது.”

“சின்ன வயசுல இருந்து போற திருவிழா. ஒரு வருசம் போகாட்டி என்ன?”

“வெயிலும் கூட. எனக்கு ஏலாது.”

“அங்க ஓகஸ்ட்ல குளிர், டீச்சர்,” என்றார் ரஸாக்.

“அப்ப குளிரும் ஏலாது.”

தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டு றோசமேரி போய்விட்டாள்.

“இத்தன வருசத்துக் கனவு எண்டு நீங்கதான் சொன்னீங்க,” என்றார் ரஸாக். “இப்ப ஒராள்ற பிடிவாதத்துக்காக அதக் கெடுத்துக்கப் போறீங்களா?”

மர்ளியா அட்டவணையை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். மறுநாள் காலை புத்தளத்துக்குப் பஸ் ஏறினாள்.

இதே கற்பிட்டி றோட்டில்தான் எண்பத்தொன்பதில் அவர்கள் மூவரும் ஒரே சீற்றில் நெருங்கி உட்கார்ந்து பாடசாலைக்குப் போனார்கள். மர்ளியா, றோசமேரி, முனவ்வரா. மூவருக்கும் முதல் நியமனம். முனவ்வராவின் கூடப்பிறந்த நானா சவூதியிலிருந்து ஒரு கமெரா கொண்டு வந்திருந்தார். சனிக்கிழமைகளில் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். படம் எடுக்க அகப்பட்டதெல்லாம் றோட்டோரம் நின்ற கழுதைகள்தான்.

கழுவி வந்த படமொன்றில் கழுதையின் உடம்பில் றோசமேரி கறுப்புப் பேனையால் கோடு கோடாகக் கீறினாள். கீழே ‘ஆபிரிக்கா’ என்று எழுதி ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டினாள். அதிபர் வந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். அன்று பின்னேரம் பஸ்ஸில் வரும்வரை மூவரும் சிரித்தார்கள்.

“பென்சன் எடுத்ததும் உண்மையான வரிக்குதிரையப் பாக்கப் போவம்,” என்று முதலில் சொன்னவள் முனவ்வராதான்.

மூவரும் பென்சன் எடுத்தார்கள். பயணத்தைப் பற்றி மாதக்கணக்கில் கதைத்தார்கள். துணைக்கு ரஸாக்கும் வருவதாக முடிவானது. மே மாதம் முனவ்வராவின் கணவர் மௌத்தாகி அவள் விதவையானாள்.

“நான் வரல்ல. நீங்க போங்க,” என்று முனவ்வரா தொலைபேசியில் சொன்னபோது மர்ளியா அழுதுவிட்டாள். “உனக்கு நிறையப் படம் எடுத்துக்கொண்டு வாறன்,” என்று வாக்கும் கொடுத்தாள்.

அவள்தான் வர முடியாமல் போனாள். வரக்கூடிய றோசமேரி இப்படிச் செய்கிறாளே என்பதுதான் மர்ளியாவுக்குத் தாங்கவில்லை.

பயண முகவர் கந்தோரில் இருந்த றிப்னா, மூவரிடமும் படித்த பிள்ளை. எழுந்து நின்று கதிரையைக் காட்டினாள்.

“றிப்னா, எனக்கும் அவருக்கும் ஓகஸ்ட்டுக்கே பதிஞ்சிடுங்க. றோசமேரி விரும்பினா ஒக்டோபர்ல தனியாப் போகட்டும்.”

றிப்னாவின் முகம் மாறியது. “டீச்சர், ஒக்டோபர் ஜீப்புல நாலு பேருக்கும் இடம் பிடிச்சாச்சே.”

“மூணு பேர்தானேம்மா.”

றிப்னா மேசை லாச்சியைத் திறந்து ஒரு கடவுச்சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

மர்ளியா அதைப் பிரித்தாள். உள்ளே முனவ்வராவின் படம்.

“இது எப்பிடி இங்க?”

“றோசமேரி டீச்சர்தான் தந்தாங்க. ஞாயிறு பூச முடிஞ்சதும் ஒவ்வொரு கிழமையும் முனவ்வரா டீச்சர் வீட்டுக்குப் போறாங்களாம். வரமாட்டன் எண்டவங்கள பேசிப் பேசிச் சம்மதிக்க வெச்சிருக்காங்க.”

“அதுக்கு ஏன் ஒக்டோபர்?”

“புருஷன் மௌத்தானா பொம்புளையள் நாலு மாசமும் பத்து நாளும் இத்தா இருக்கணுமே, டீச்சர். ஓகஸ்ட்ல முனவ்வரா டீச்சர் வீட்டவிட்டு வெளிக்கிடவே ஏலாது. செப்டெம்பர் இருவத்தி மூணோட முடியுதாம். றோசமேரி டீச்சர் பள்ளிவாசலுக்குப் போய் மௌலவிக்கிட்டயே கேட்டுக் குறிச்சிக்கொண்டு வந்தாங்க.”

மர்ளியா கடவுச்சீட்டை மூடினாள். மூடிய பின்னும் கையை அதன் மேலேயே வைத்திருந்தாள்.

“இத எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் மாட்டன் எண்டா சொல்லியிருப்பன்? ஏன் மறைச்சா?”

றிப்னா மேசையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“நானும் அதத்தான் கேட்டன், டீச்சர். ‘இத்தாவ ஒரு கிறிஸ்தவ வேதக்காரி எண்ணிப் பாத்திருக்கா, நான் எண்ணல்லயே எண்டு மர்ளியா காலத்துக்கும் வெக்கப்படுவா, அதவிட எனக்கு ஏசிக்கொண்டே வரட்டும்’ எண்டு சொன்னாங்க.”