குரூப்பில் விழுந்த ஆப்

“யாரும் அதைத் தொடாதீங்க. அவர் போனை எவனோ ஹேக் பண்ணிட்டான்.”

மேனேஜர் சொன்னதும் பார்சல் ஆபீஸே சிரிப்பில் குலுங்கியது. பின்னே? ஆபீஸ் குரூப்பில் பெயரில்லாத ஒரு ஆப் வந்து விழுந்திருந்தது. அனுப்பியவர் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அதிகாரி. “ப்ளே ஸ்டோர்ல இல்லாத ஆப்பைப் போன்ல ஏத்துறதும், வீட்டுச் சாவியைத் திருடன்கிட்ட குடுக்குறதும் ஒண்ணுதான்” என்று வாரம் தவறாமல் வகுப்பெடுப்பவர். ‘தொடாதே சார்’ என்றே அவருக்குப் பட்டப்பெயர்.

“தொடாதே சாரையே தொட்டுட்டானுங்களே” என்று டைப்பிஸ்ட் பெண் மேசையில் கவிழ்ந்து சிரித்தாள்.

“நமக்குப் பரீட்சை வெக்கிறாரோ என்னவோ” என்றார் வேன் டிரைவர். “நான் அழிச்சுட்டேன்பா.”

கண்ணாடிக் கூண்டுக்குள் கேஷியர் மட்டும் நிமிராமல் ரசீது கிழித்துக்கொண்டிருந்தாள்.

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். தொடாதே சார் மூச்சிரைக்க வந்து நின்றார். ஒரு காலில் செருப்பைக் காணோம்.

“அது... நானே எழுதின ஆப். ஒருத்தருக்கு அனுப்ப வேண்டியது, கை தவறி குரூப்புக்குப் போயிடுச்சு. யாராவது இன்ஸ்டால் பண்ணிட்டீங்களா?”

“நீங்க சொல்லிக்குடுத்த பாடமாச்சே சார். ஒருத்தர் தொடணுமே” என்று நெஞ்சை நிமிர்த்தினார் மேனேஜர்.

தொடாதே சார் முகத்தில் நிம்மதி வந்தது. கூடவே, அந்த முகம் என்னமோ கொஞ்சம் வாடவும் செய்தது.

“நான் பண்ணிட்டேன் சார்” என்றது கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லார் தலையும் கேஷியர் கூண்டுப் பக்கம் திரும்பியது.

“நீயாம்மா? கல்லாப்பெட்டியே உன்கிட்டதானே இருக்கு” என்று மேனேஜர் தலையில் கை வைத்தார்.

“‘எங்கிருந்து வந்ததுன்னு தெரியாத ஆப், நம்பலாமா’ன்னு போன் கேட்டுச்சு. எனக்குத் தெரியுமேன்னு அழுத்திட்டேன்.”

தொடாதே சார் பக்கத்திலிருந்த மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தார். “அ... அப்புறம்?”

“உள்ளே ஒரே ஒரு கேள்வி. அதுக்கும் பதில் அழுத்தியாச்சு. உங்க போனை இன்னும் பாக்கலையா சார்?”

டைப்பிஸ்ட் பாய்ந்துபோய்க் கேஷியரின் போனைப் பிடுங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள்:

“‘என்னைக் கல்யாணம் பண்ணிக்கச் சம்மதமா?’ அடிப்பாவி, ‘சம்மதம்’னு அழுத்தியிருக்கா!”