இடது கன்னம்

ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முடிதிருத்துபவரான தன் கணவரை உட்கார வைத்திருக்கிறாள் மனைவி. பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் முகத்தின் இடது பாதிக்குச் சூடும் தெரிவதில்லை, குளிர்ச்சியும் தெரிவதில்லை. சுட்டாலாவது உணர்ச்சி திரும்பாதா என்று தினமும் அவள் வெந்நீரில் துடைத்துத் துடைத்து, அந்தக் கன்னம் சிவந்து காய்ந்து தோலுரிந்து கிடக்கிறது. "மூஞ்சியா, இல்ல அடிப்பிடிச்ச பாத்திரமா? இனிமே வெந்நீர் பக்கமே போகாதீங்க" என்று நேற்று வந்த நர்ஸ் கத்திவிட்டுப் போயிருக்கிறாள். அதனால் இன்று துண்டு நனைவது குழாயின் பச்சைத் தண்ணீரில். அவரிடம் அவள் அதைச் சொல்லவில்லை. முன்பெல்லாம் கடையில் வாடிக்கையாளர் முகத்தில் போடும் சூடான துண்டை அவர் முதலில் தன்னுடைய இந்தக் கன்னத்தில்தான் ஒற்றிப் பார்ப்பார். இப்போது கண்ணை மூடிக்கொண்டு அதே கன்னத்தை நீட்டுகிறார்.

"சூடு தெரியுதாங்க?"

"தெரியுதுடி." கோணிய வாயால் சிரிக்கிறார். "இன்னிக்குத்தான் சுரீர்னு சுடுது. அடுத்த மாசம் கடையத் திறந்துடலாம். மொதல் ஆளா உன் தம்பிக்கு மொட்டை போடுறேன் பாரு."

அவள் கை நின்றுவிடுகிறது. துண்டிலிருந்து ஒரு சொட்டு மூக்கைத் தாண்டி வலது கன்னத்தில் இறங்குகிறது. அந்தப் பக்கம் மட்டும் மயிர்க்கால்கள் சிலிர்த்து நிற்கின்றன. சிரிப்பு பாதியில் நிற்க, அவர் கண்ணைத் திறக்கிறார். அவள் துண்டையே பார்க்கிறாள்.

"ரொம்பக் கொதிக்குது. கொஞ்சம் ஆறட்டும்."

"ஆமா, ஆறட்டும்" என்கிறார் அவர்.