கடைசி இறக்கம்

மலை உச்சியில் தண்ணீர் குடிக்க நிறுத்தினார்கள். மறுபடி கிளம்பும்போது அக்கா சைக்கிளில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள்.

முட்டி பிடித்துக்கொண்டதாம். மூன்று பேரும் நடந்தே இறங்கிவிடலாமாம்.

தம்பிக்குச் சுருக்கென்றது. அவனுக்குக் கப்பலில் வேலை. விடிந்தால் கிளம்ப வேண்டும். திரும்பி வர எட்டு மாதம். அடுத்த வாரம் மழை தொடங்கினால் இந்த மலைப்பாதையையும் மூடிவிடுவார்கள். இந்த ஒரு இறக்கத்துக்காகத்தான் இரண்டு மணி நேரம் மூச்சு வாங்க மிதித்து ஏறியிருந்தான்.

அவன் மனைவி ஒரு வழி சொன்னாள். அண்ணியைத் தான் மெதுவாக நடத்திக் கூட்டி வருவதாகவும், கணவர் மட்டும் ஆசைதீர சைக்கிளில் இறங்கட்டும் என்றும்.

அக்கா அதற்கும் மசியவில்லை. தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன் என்றாள். என் தோள் இல்லையா என்று கேட்டவளிடம், உன் உயரம் எனக்குத் தோதுப்படாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. தம்பி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு முதல் வளைவு வரைக்கும் போய் நிற்கிறேன் என்று ஹெல்மெட்டை மாட்டி, சைக்கிளில் காலைத் தூக்கிப் போட்டான்.

அக்கா ஒரே பாய்ச்சலாக வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"இறங்குடா. இறங்கலைன்னா நாளைக்கு உன்னை வழியனுப்ப நான் வரமாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகம் வெளுத்திருந்தது.

அவன் இறங்கினான். அதற்கப்புறம் அக்காவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒன்றரை மணி நேர நடை. வேறு சைக்கிள்காரர்கள் சர்ரென்று இறங்கிப் போகும்போதெல்லாம் சைக்கிளைப் பிடித்தபடி ஓரமாக ஒதுங்கி நின்று அவர்களையே பார்த்தான். பாதி வழியில் மழையும் பிடித்துக்கொண்டது.

மனைவிக்கு வயிறு எரிந்தது. முட்டி வலிக்காரி பாய்ந்த வேகத்தை அவளும்தான் பார்த்தாள். கல்யாணமாகி நாலு வருஷமாக இதே கதை, எதிலும் அண்ணி வைத்ததுதான் சட்டம். அவர் புறப்படுகிற நேரத்திலுமா?

வீட்டுக்கு வந்ததும் அவன் குளியலறைக்குள் போய்க் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டான். இன்றைக்குக் கேட்டே விடுவது என்று மனைவி கார் ஷெட்டுக்குப் போனாள்.

அங்கே அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவன் சைக்கிள் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"முட்டி சரியாப்போச்சா அண்ணி?"

அக்கா நிமிர்ந்து வாசல் பக்கம் பார்த்தாள். பின்னால் தம்பி வரவில்லை என்று தெரிந்ததும் கையிலிருந்த துணியை நீட்டினாள். துணியெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு.

"நேத்து வண்டியைக் கழுவி எண்ணெய் போட்டது நீதானே?"

மனைவி தலையாட்டினாள். ஊருக்குப் போகிறவருக்கு ஒரு சந்தோஷமாக இருக்கட்டும் என்று சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து செய்த வேலை அது.

"சங்கிலிக்கு அடிச்சது பிரேக் தட்டுலயும் பட்டிருக்கு, ரெண்டு சக்கரத்துலயும். மேல வண்டியை ஓரமா நகர்த்தறப்போ பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். பிடிக்கவே இல்லை. ஏறும்போது அவனுக்குத் தெரிஞ்சிருக்காது."

அந்த இறக்கத்தில் பதினோரு வளைவு. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பாதாளம். அங்கேயே சொல்லியிருக்கலாமே என்று மனைவி கேட்டாள்.

அக்கா துணியை மடித்துக்கொண்டு மறுபடி துடைக்கத் தொடங்கினாள்.

"சொல்லியிருந்தா, நடுக்கடல்ல உட்கார்ந்துகிட்டு அவன் உன்னைப் பத்தி இதையா நினைச்சுக்கிட்டு இருக்கணும்? என்மேலயே கோபமா போகட்டும், விடு. நான் அக்காதானே."