பனங்கட்டைப் பாலம்

முதுகில் விழுந்த உதையில் சின்னப்பையன் வாய்க்காலுக்குள் குப்புற விழுந்தான். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது.

மேலே ஜீப்பின் அருகில் நின்ற இசக்கிதுரை வேட்டியை மடித்துக் கட்டினான்.

"எலேய், பாலத்துக்குக் கீழ போய் மல்லாந்து படு. ஒன் தம்பி என் வண்டியில அடிபட்டுச் செத்தவன். நீ கட்டுன பாலத்துல நான் சும்மா ஏறிருவனா?"

அவன் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. போன மாதம், ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வந்த தம்பி அன்புவின் மேல் இதே ஜீப்பை ஏற்றியது அவன்தான். ஏரி நிலத்தில் மனை போடாதே என்று மறித்தானே, அதற்காக. ஆக்சிடென்ட் என்று எழுதி மூடிவிட்டார்கள்.

அந்தப் படுபாவிக்கே தச்சுவேலைக்குப் போனான் சின்னப்பையன். மனைகளுக்கு வண்டி போக, வாய்க்காலின் குறுக்கே நான்கு பனங்கட்டைகளைக் கிடத்தினான். கம்பெனிகளில் கழித்துப்போட்ட பேக்கிங் பலகைகளை மேலே வரிசையாக அடித்தான்.

ஊரே காறித் துப்பியது. அம்மா கங்கம்மாள் அவனுக்குச் சோறு போடுவதை நிறுத்தினாள்.

இப்போது பாலத்தின் கீழே, சாக்கடைத் தண்ணீர் காதில் ஏறக் கிடந்தான். மேலே ஜீப் உறுமியது.

கரையில் நின்ற கங்கம்மாள் மண்ணை வாரி அவன்மேல் எறிந்தாள்.

"த்தூ! தம்பிய ஏத்திக் கொன்னவனுக்குக் கீழ படுத்துகினு கீறியே, நீயெல்லாம் ஒரு அண்ணனாடா?"

உண்மையைச் சொல்லிவிட வாய் துடித்தது.

ஜீப் பாலத்தில் ஏறியது. வலது ஓரமாகவே உருட்டினான் இசக்கிதுரை. பலகைகள் முனகின, கட்டைகள் அசையவில்லை. அப்படியே போனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. சின்னப்பையன் எழுந்து வீட்டுக்குப் போகலாம்.

அவன் இடது கோடிக் கட்டையைப் பார்த்தான். விடிகாலையில் முக்கால்வாசி அறுத்து, களிமண் பூசி மறைத்த வெட்டு அதில் இருந்தது. எதிர்க்கரையில் நின்று வண்டியை அந்தப் பக்கம் திருப்பிவிடுவதாகத்தான் இருந்தான். இசக்கிதுரை தன்னைக் கீழே படுக்கச் சொல்வான் என்று நினைக்கவேயில்லை.

வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டுக் குரல் கொடுத்தான்.

"ரைட்ல பலகை ஆடுது ணா... லெஃப்ட்ல ஒடிச்சி வா... இன்னும் லெஃப்ட்டு... வா, வா."

கீழே கிடப்பவன் சொன்னதை இசக்கிதுரை நம்பினான்.