உள்ளங்கை வைத்தியம்

கைபேசி திடீரென்று உறைந்துபோனது. எவ்வளவு தேய்த்தும் திரை அசையவில்லை. வேதமுத்துவுக்குத் தெரிந்த மின்னணுவியல் ஒன்றுதான்: அதை உள்ளங்கையில் ஓங்கித் தட்டத் தொடங்கினார்.

“நான் என்ன டிவி ரிமோட்டா?” என்று கைபேசி பொருமியது. “பக்கத்துப் பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால், நானே அணைந்து எழுந்துவிடுவேனே.”

மேசைமேல் கிடந்த ரிமோட் சொன்னது: “பேட்டரி தீர்ந்தால் என்னையும் இப்படித்தான் அறைவார், தம்பி.”

தட்டிய வேகத்தில் வேதமுத்துவின் கட்டைவிரல், அவர் அறியாமலே, அந்தப் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தது. கைபேசி அணைந்து, மீண்டும் ஒளிர்ந்தது.

“பார்த்தாயா, நாலு போட்டதும் சரியாகிவிட்டது,” என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னார்.

“பொத்தான் ஐயா, பொத்தான்,” என்று கைபேசி கதறியது.

“கத்தாதே தம்பி,” என்றது ரிமோட். “இனி உனக்கும் இதே வைத்தியம்தான்.”