ரிவர்ஸில் முன்னேறிய ஜீப்

பெட்ரோல் வரத்து நின்றுபோன ஊரில், தன் ஜீப்பின் எஞ்சினை நீராவியில் ஓடும்படி மாற்றியிருந்தான் அந்தோணிராசு. பிரசவ வலி கண்ட மனைவி ஸ்டெல்லாவைப் பின்னிருக்கையில் படுக்கவைத்து, ஆஸ்பத்திரிக்குப் புறப்பட முதல் கியரைப் போட்டான். வண்டி பின்னால் போய் வேலியில் இடித்தது. எஞ்சினை மாற்றும்போது வால்வுகளை இடம் மாற்றிப் பொருத்தியிருந்தான். எஞ்சின் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தெருவே சிரித்தது. “இட்லிப் பானைய நம்பி ஏறுனேன் பாரு,” என்று பல்லைக் கடித்தாள் ஸ்டெல்லா. அவன் கியர் ராடையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ரிவர்ஸ் கியரைப் போட்டான். ஜீப் ஆவி கக்கிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. சிரித்தவர்களெல்லாம் அதன் அடுப்புக்கு விறகை அள்ளிக்கொண்டு கூடவே ஓடிவந்தார்கள். “ஏங்க, இதுல பின்னால போகணும்னா என்ன செய்வீங்க?” என்றாள் ஸ்டெல்லா. “பின்னால எதுக்குடி போகணும்?” என்று கத்திக்கொண்டே ஊதலை இழுத்துவிட்டான்.