பட்டாளத்து ஆர்டர்

"பட்டாளம் வீட்டுக்குத் திரும்பட்டும்னு சொல்றியே அக்கா, திரும்பினா நாளைக்கு நமக்கு யாரு சோறு போடுவாங்க?" என்று மரகதத்திடம் வெடித்தாள் வீணா.

அடுகோடித் தையல் யூனிட்டில் மதியச் சாப்பாட்டு நேரம். முப்பது பெண்களும் ஒரே செல்போனைச் சுற்றிக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கேயோ இருக்கிற ஒரு நாடு, இன்னொரு நாட்டில் போய் இருபது வருஷமாகச் சண்டை போடுகிறது. போதும், படையைத் திருப்பி அழைக்கலாமா என்று அவர்கள் சபையில் இன்று ஓட்டெடுப்பு. அந்தப் பட்டாளத்துக்குத்தான் இங்கே எட்டு மாதமாகப் பை தைக்கிறார்கள். மழை புகாத பச்சைத் துணி, நீள ஜிப். "சிப்பாய்ங்க உள்ள பூந்து படுத்துக்குவாங்க" என்று சூப்பர்வைசர் ராஜேந்திரன் முதல் நாளே சொல்லியிருந்தார்.

"பாதியில விட்டுட்டு வந்தா, இத்தினி வருஷமா செத்தவங்களுக்கு என்ன மரியாதைன்னு டிவிக்காரன் கேக்குறான்," என்றாள் மமதா, தன் கன்னடம் கலந்த தமிழில். "இன்னும் ஸ்வல்ப நாள் இருந்துட்டுப் போகட்டுமே!"

"செத்தவங்களுக்காக இன்னும் நாலு புள்ளைங்க சாவணுமா?" என்று கேட்டாள் மரகதம். "அவங்களுக்கும் வீட்ல ஆள் இருக்காங்கடி."

"எனக்கும் புள்ள இருக்குது அக்கா," என்று வீணா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புருஷன் விட்டுவிட்டுப் போனவள். இந்த வேலையும் போனால் அவள் நடுத்தெருவில்தான்.

மரகதத்துக்கு மட்டும் என்ன வாழ்கிறதாம்? அவளுக்கும் இதை விட்டால் போக்கிடம் கிடையாது. அப்படியும் பேச்சை மாற்றவில்லை, மகராசி.

மூன்று மணிக்கு முடிவு வந்தது. படை வாபஸ். ஐந்து மணிக்கு ராஜேந்திரன் வந்து, ஆர்டர் ரத்து, நாளையிலிருந்து வேலை இல்லை என்றார்.

மற்றவர்கள் தலையில் கைவைத்து உட்கார, மரகதம் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"வாய் வச்சியே, இப்ப குளுகுளுன்னு இருக்குதா?" என்று எரிந்து விழுந்தாள் மமதா.

வீணா மிச்சமிருந்த ஒரு பையை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "சார், இத நான் எடுத்துக்கட்டா? எம் பையன் வெறுந்தரையில குளிர்ல நடுங்குறான். இதுக்குள்ள போட்டா கதகதன்னு தூங்குவான்."

"எடுத்துக்கோம்மா," என்றார் ராஜேந்திரன்.

மரகதம் பாய்ந்து வந்து பையைப் பிடுங்கினாள். துணி வெட்டும் பெரிய கத்தரியை எடுத்து, சரக் சரக்கென்று நாலு துண்டாக்கிப் போட்டாள்.

"அடிப்பாவி! வேலைதான் போச்சு, எம் புள்ளைக்கு ஒரு பை கிடைக்கிறதும் உனக்குப் பொறுக்கலையா? நீயெல்லாம் ஒரு மனுஷியா?" வீணா ஓவென்று அழுதாள்.

மரகதம் துண்டுகளை அள்ளிக் குப்பைக் கூடையில் திணித்தாள். எட்டு மாதமாக வாயை மூடிக்கொண்டு இருந்தவள். பை எதற்கென்று சொல்லியிருந்தால், அதைத் தைத்த கையால் ஒருத்தியாவது சோறு அள்ளித் தின்றிருப்பாளா?

கொரோனா வருஷம், ஆஸ்பத்திரிப் பிணவறையில் அவள் புருஷனை இப்படியொரு பையில் போட்டுத்தான் கொடுத்தார்கள்.